தாமதமாகத் திறந்த கதவு: கென்னி வாஷிங்டன் (1918 - 1971)



பள்ளியில் நடைபெறும் பொது அறிவுப் புதிர்ப்போட்டிக்கு வினாக்கள் தொகுப்பது என் பொறுப்புகளுள் ஒன்று. அவ்வினாக்களுள் பாதிக்கு மேற்பட்டவை ‘முதன்முதலில்’ என்றே தொடங்கும். நிலவில் முதன்முதலில் கால் பதித்தவர் யார்? எவரெஸ்ட் சிகரத்தை முதன்முதலில் எட்டியவர்கள் யாவர்? விடை ஒரு வரி, மதிப்பெண் ஒன்று. அப்படியொரு பட்டியலில், “இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க முதன்மைப் பேஸ்பால் லீக்கின் நிறத்தடையை உடைத்த முதல் கறுப்பின ஆட்டக்காரர் யார்?” என்ற வினாவையும் சேர்த்திருந்தேன். விடை: ஜேக்கி ராபின்சன், 1947.

பயிற்சியின்போது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான். “ஐயா, அவரோடு சேர்ந்து படித்தவர்களில் அவரைப்போல ஆடியவர் வேறு யாருமே இல்லையா?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. நாளை சொல்கிறேன் என்று கூறிவிட்டு, அன்றிரவு தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கிடைத்தவர்தான் கென்னி வாஷிங்டன். ராபின்சனோடு ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே அணியில் ஆடியவர். ராபின்சனுக்கு ஓராண்டு முன்னதாகவே வேறொரு விளையாட்டின் நிறத்தடையை உடைத்தவர். ஆயினும் எந்தப் புதிர்ப்போட்டியிலும் நான் அவர் பெயரைக் கண்டதில்லை.

ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள்

நம் பிள்ளைகள் திடலில் ஆடும் காற்பந்து வேறு. அமெரிக்கர் காற்பந்து என்று அழைப்பது வேறு. அவர்களின் பந்து நீள்வட்ட வடிவம் கொண்டது. அதனைக் காலால் உதைப்பதைவிடக் கையால் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே மிகுதி. அணிக்குப் பதினொருவர். ஆடுகளத்தின் நீளம் 100 யார்டு. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டாவது முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டால் 6 புள்ளிகள். அதனை ‘டச்டவுன்’ என்பர்.

ஓடுபவரை எதிரணியினர் உடலால் மோதித் தரையில் வீழ்த்துவர். ஆகவே இது முழங்காலையும் தோளையும் விரைவில் தேய்த்துவிடும் ஆட்டம். வாஷிங்டனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியை நினைவில் இருத்துவது இன்றியமையாதது.

பாட்டி வளர்த்த பிள்ளை

கென்னி வாஷிங்டன் 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தார். தந்தையார் எட்கர் வாஷிங்டன், ‘புளூ’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டவர். கறுப்பினத்தவர்க்கென இருந்த பேஸ்பால் அணிகளில் ஆடியவர். திரைப்படங்களில் சிறுசிறு வேடங்களில் தோன்றியவர். வீட்டில் தங்காத மனிதர். ஆகவே பிள்ளையை வளர்த்தவர்கள் பாட்டி சூசியும் சிற்றப்பன் ராக்கியுமே ஆவர்.

பாட்டி, அவர்கள் குடியிருந்த லிங்கன் ஹைட்ஸ் பகுதிப் பள்ளி ஒன்றில் துப்புரவுப் பணியாளர். இத்தாலியக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. கறுப்பினக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பாட்டியை அறிந்திருந்தனர், மதித்தனர். இத்தாலியப் பிள்ளைகளோடு வளர்ந்த கென்னியின் பேச்சில் இத்தாலியச் சாயல் இருந்ததாக அவருடைய நண்பர் வூடி ஸ்ட்ரோட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சிற்றப்பன் ராக்கி நகரக் காவல்துறையில் அதிகாரியாக உயர்ந்தவர். ஒழுங்கும் அடக்கமும் கென்னிக்கு அவரிடமிருந்து வந்தன.

ஒரு பள்ளியைப் பெருக்கித் துடைத்து ஈட்டிய கூலியில் வளர்ந்த பிள்ளை, 1937இல் பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்தது. ஆசிரியர்களாகிய நாம் நம் பள்ளியின் துப்புரவுப் பணியாளரை நாள்தோறும் கடந்து செல்கிறோம். அவர் வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பதின்மூன்றாம் எண்

அவர் சேர்ந்தது லாஸ் ஏஞ்சலசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், சுருக்கமாக யூசிஎல்ஏ. அந்நாளில் பல பல்கலைக்கழகங்கள் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதில்லை. சேர்த்த இடங்களிலும் ஒருவர் இருவரே. யூசிஎல்ஏ அணியிலோ 1939இல் நால்வர் இருந்தனர்: கென்னி வாஷிங்டன், வூடி ஸ்ட்ரோட், ஜேக்கி ராபின்சன், ரே பார்ட்லெட்.

வாஷிங்டன் அணிந்த சட்டையின் எண் 13. அவர் ஓடுவார், எறிவார், எதிரணி பந்தை எடுக்கும்போது தற்காப்பிலும் நிற்பார். 1937இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் அவர் எறிந்த பந்து காற்றிலேயே 60 யார்டுக்கும் மேல் பறந்தது. ஏறத்தாழ 55 மீட்டர். ஆட்டத்தில் தோற்ற யூசிஎல்ஏ பயிற்றுநர், வென்ற அணியின் அறைக்கதவைத் தட்டி, ‘இனி வெளியே வரலாம், கென்னி எறிவதை நிறுத்திவிட்டான்’ என்று வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு.

1939ஆம் ஆண்டுப் பருவத்தில் மொத்தம் இருந்த 600 நிமிட ஆட்டத்தில் அவர் 580 நிமிடம் களத்தில் நின்றார். ஓட்டத்தாலும் எறிதலாலும் 1,370 யார்டு ஈட்டி, நாட்டிலேயே முதலிடம் பெற்றார். மூன்றாண்டுகளில் அவர் ஓடிச் சேர்த்த 1,914 யார்டு, அப்பல்கலைக்கழகத்தில் 34 ஆண்டுகள் முறியடிக்கப்படாத சாதனையாக நிலைத்தது. ‘லிபர்ட்டி’ என்னும் இதழ் கல்லூரி ஆட்டக்காரர்களிடமே வாக்குக் கேட்டபோது, தம்மை எதிர்த்து ஆடிய அனைவருடைய வாக்கையும் பெற்ற ஒரே ஆட்டக்காரர் வாஷிங்டன். ஆனால் பெரியவர்கள் தேர்ந்தெடுத்த முதன்மையான அனைத்து அமெரிக்க அணிகளின் முதல் வரிசையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. எதிர்த்து ஆடியவர்க்குத் தெரிந்தது, மேசையில் அமர்ந்திருந்தவர்க்குத் தெரியவில்லை.

இன்னொரு வியப்பு. பேஸ்பாலிலும் வாஷிங்டன் சிறந்தவர். 1937இல் பல்கலைக்கழக அணிக்காக அவர் பெற்ற மட்டை வீச்சுச் சராசரி 0.454. பின்னாளில் உலகப்புகழ் பெற்ற ராபின்சன், 1940இல் அதே பல்கலைக்கழகத்துக்காகப் பெற்றது 0.097.

1939 டிசம்பர் 9

இந்த ஒரு நாளை நான் மறக்கவே மாட்டேன். அன்று லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் திடலில் யூசிஎல்ஏ அணியும் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியும் மோதின. வென்றவர்க்குப் புகழ்பெற்ற ரோஸ் பௌல் ஆட்டத்தில் இடம். திடலில் 1,03,000க்கும் மேற்பட்ட மக்கள்.

இரு அணியும் புள்ளி பெறவில்லை. இறுதிக் கட்டத்தில் யூசிஎல்ஏ அணி எதிரணியின் எல்லைக்கோட்டுக்குச் சில யார்டு தொலைவுவரை சென்றுவிட்டது. நான்காவது முயற்சி மட்டுமே மீதம். பந்தை உதைத்து 3 புள்ளி எடுப்பதா, டச்டவுனுக்கு முயல்வதா? அணியை நடத்திய நெட் மேத்யூஸ் ஆட்டக்காரர்களிடமே வாக்குக் கேட்டார். ஐவர் ஒருபுறம், ஐவர் மறுபுறம். மேத்யூஸ் டச்டவுனைத் தேர்ந்தார். வாஷிங்டன் எறிந்தார். எதிரணியின் கை ஒன்று பந்தைத் தட்டிவிட்டது. ஆட்டம் 0 - 0 என முடிந்தது. ரோஸ் பௌல் வாய்ப்பு எதிரணிக்குப் போயிற்று.

ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கையில் வாஷிங்டன் களத்தைவிட்டு நடந்தார். அந்தப் பெருங்கூட்டம், எதிரணியின் ஆதரவாளர்கள் உட்பட, எழுந்து நின்று ஆரவாரித்தது.

அதே நாளில், நாட்டின் மறுபகுதியில் மில்வாக்கி நகர விடுதி ஒன்றில் தேசியக் காற்பந்து லீக்கின் 10 அணிகளும் அடுத்த ஆண்டுக்கான புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தன. மொத்தம் 200 பெயர்கள் வாசிக்கப்பட்டன. கென்னி வாஷிங்டன் என்ற பெயர் வாசிக்கப்படவில்லை.

இலட்சம் பேர் எழுந்து நின்று கைதட்டிய அதே நாளில், இருநூறு பேரில் ஒருவராகக்கூட அவர் எண்ணப்படவில்லை.

எழுதப்படாத விதி

தேசியக் காற்பந்து லீக்கில் கறுப்பினத்தவர் ஆடவே இல்லை என்பதில்லை. 1920இல் அது தோன்றியபோது ஃபிரிட்ஸ் பொல்லார்ட் போன்றோர் ஆடினர். பொல்லார்ட் 1921இல் பயிற்றுநராகவும் விளங்கினார். 1933ஆம் ஆண்டுப் பருவத்தில் ஜோ லில்லர்ட், ரே கெம்ப் ஆகிய இருவர் இருந்தனர். அதற்குப் பிறகு 1934 முதல் 1945 வரை பன்னிரண்டு பருவங்களில் ஒருவர்கூட இல்லை.

தடை விதித்து எவரும் எழுதி வைக்கவில்லை. அணி உரிமையாளர்கள் தங்களுக்குள் அப்படி நடந்துகொண்டார்கள், அவ்வளவே. 1932இல் ஓர் அணியின் உரிமையாளராக வந்த ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் இவ்வெண்ணத்தின் முதன்மை ஆதரவாளராகக் கருதப்படுகிறார். அவருடைய வாஷிங்டன் நகர அணி, அரசாங்கம் நெருக்கிய பின் 1962இல்தான் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்தது. லீக்கிலேயே அதுதான் கடைசி அணி.

எழுதப்பட்ட விதியைச் சுட்டிக்காட்டி எதிர்க்கலாம். எழுதப்படாத விதிக்கு எதிராக யாரிடம் முறையிடுவது? கேட்டால், ‘அப்படியொரு விதியே இல்லையே’ என்பார்கள். வானொலி வருணனையாளர் சாம் பால்டர், அணி உரிமையாளர்களுக்குத் திறந்த மடல் விடுத்து, வாஷிங்டனை ஏன் எவரும் எடுக்கவில்லை என்று ஒலிபரப்பிலேயே வினவினார். விடை வரவில்லை.

1940இல் சிக்காகோவில் நடந்த கல்லூரி நட்சத்திர ஆட்டத்தில் வாஷிங்டன் ஆடினார், டச்டவுனும் எடுத்தார். சிக்காகோ பேர்ஸ் அணியின் தலைவர் ஜார்ஜ் ஹாலஸ் அவரைச் சில நாள் ஊரில் தங்கச் சொன்னார். மற்ற உரிமையாளர்களின் இசைவைப் பெற முயல்வதாகக் கூறினார். வாரங்கள் கடந்தன. இசைவு கிடைக்கவில்லை. வாஷிங்டன் ஊர் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 22.

தேய்ந்துபோன ஆண்டுகள்

லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் அவருக்கு வேலை கிடைத்தது. விடுமுறை நாள்களில் பசிபிக் கரையோரச் சிறு லீக் ஒன்றில் ஹாலிவுட் பேர்ஸ் அணிக்காக ஆடினார். அந்த வட்டாரத்தில் அவருக்கு நிகர் எவருமில்லை. கூட்டம் அவருக்காகவே வந்தது. ஆனால் அவருடைய முழங்கால்கள் தேய்ந்தன. அறுவை, ஓய்வு, மீண்டும் ஆட்டம், மீண்டும் அறுவை. ஓர் ஆட்டக்காரரின் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளான 22 முதல் 27 வரை இப்படியே கழிந்தன.

கதவு திறந்த விதம்

1945இல் வாகை சூடிய கிளீவ்லாந்து ரேம்ஸ் அணி, 1946 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலசுக்கு இடம்பெயர விரும்பியது. அதற்குக் கொலிசியம் திடல் வேண்டும். அத்திடலோ பொதுமக்களின் வரிப்பணத்தில் எழுந்தது. திடலை நிருவகித்த ஆணையத்தின் கூட்டத்துக்குக் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் சென்றனர். ‘லாஸ் ஏஞ்சலஸ் டிரிபியூன்’ இதழின் ஹாலி ஹார்டிங் எழுந்து பேசினார். கறுப்பின மக்களும் வரி செலுத்துகிறார்கள். அவர்களை ஒதுக்கும் அணிக்கு அவர்கள் பணத்தில் கட்டிய திடலை எவ்வாறு கொடுக்கலாம் என்பதே அவர் வாதத்தின் சாரம். இந்த ஊரிலேயே கென்னி வாஷிங்டன் இருக்கும்போது அவரை எவரும் அழைக்காததன் காரணம் என்ன என்றும் கேட்டார்.

ரேம்ஸ் அணியின் பேராளரிடம் விடை இல்லை. 1946 மார்ச் 21ஆம் நாள் கென்னி வாஷிங்டன் ரேம்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்தார். அதே ஆண்டு மே மாதம் வூடி ஸ்ட்ரோட்டும் சேர்ந்தார். தமக்குத் துணையாக அவரே வேண்டும் என்று வாஷிங்டன் கேட்டுக்கொண்டதே காரணம்.

உரிமையாளர்களின் மனம் மாறியதால் கதவு திறக்கவில்லை என்பதை நம் மாணவர்க்குச் சொல்ல வேண்டும். ஒரு பத்திரிகையாளர் சரியான இடத்தில், சரியான நேரத்தில், சரியான வினாவைக் கேட்டதால் திறந்தது.

மூன்று பருவங்கள்

1946 செப்டம்பர் 29ஆம் நாள் அவர் தேசிய லீக்கில் முதல் ஆட்டம் ஆடினார். வயது 28. பிற ஊர்களுக்குச் செல்லும்போது அணியினர் தங்கும் விடுதிகளில் அவருக்கும் ஸ்ட்ரோட்டுக்கும் இடம் மறுக்கப்பட்டதுண்டு. களத்தில் வேண்டுமென்றே மிதித்தவர்கள், வசைபாடியவர்கள் இருந்தனர். சொந்த அணியைச் சேர்ந்தவர்கள் படிப்படியாக அவர் பக்கம் நின்றனர்.

கால்கள் பழைய கால்கள் அல்ல. ஆயினும் 1947இல் சிக்காகோ கார்டினல்ஸ் அணிக்கு எதிராக அவர் ஒரே ஓட்டத்தில் 92 யார்டு கடந்து டச்டவுன் எடுத்தார். ஏறக்குறைய 84 மீட்டர்! ரேம்ஸ் அணியின் வரலாற்றில் மிக நீண்ட ஓட்டமாக அது பல பத்தாண்டுகள் விளங்கியது. அவ்வாண்டு, ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 7.4 யார்டு என்ற கணக்கில் லீக்கிலேயே அவர் முதலிடம் பெற்றார். தேய்ந்த முழங்காலோடு இவ்வளவு என்றால், 22 வயதில் எவ்வளவு? இக்கேள்விக்கு எந்தப் புள்ளிவிவரப் புத்தகத்திலும் விடையில்லை.

1948 டிசம்பர் 12ஆம் நாள் கொலிசியம் திடலில் அவரைச் சிறப்பித்து விடைகொடுத்தனர். மூன்று பருவங்கள், 27 ஆட்டங்கள், 859 யார்டு, ஓடி எடுத்த டச்டவுன் 8. இவ்வளவுதான் ஏட்டில் உள்ள கணக்கு.

1950இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியிலும் முயன்று பார்த்தார். காலம் கடந்திருந்தது. அதே ஆண்டு வெளிவந்த ஜேக்கி ராபின்சன் பற்றிய திரைப்படத்தில் சிறு வேடமொன்றில் நடித்தார். நண்பனின் வரலாற்றில் துணைப்பாத்திரம்! இதைவிடக் கூரிய முரண்நகையைக் கதையாசிரியர்களும் எழுதத் தயங்குவர்.

1956இல் கல்லூரிக் காற்பந்துப் புகழ்மன்றத்தில் அவர் சேர்க்கப்பட்டார். அவருடைய 13ஆம் எண்ணை யூசிஎல்ஏ வேறெவருக்கும் வழங்காது நிறுத்திவைத்தது. 1971 ஜூன் 24ஆம் நாள், தம் 52ஆம் வயதில் அவர் காலமானார். அவ்வாண்டு ராபின்சன் எழுதிய நினைவுக் கட்டுரையில், தாம் கண்ட காற்பந்து ஆட்டக்காரர்களுள் வாஷிங்டனே தலைசிறந்தவர் என்றும், தேசிய அளவில் ஒளிர முடியாமற்போன வேதனை அவர் உள்ளத்தில் ஆழமாக இருந்திருக்கும் என்றும் குறிப்பிட்டார்.

1946இல் தொழில்முறைக் காற்பந்துக்குத் திரும்பி வந்த கறுப்பினத்தவர் நால்வர்: வாஷிங்டன், ஸ்ட்ரோட், மற்றொரு லீக்கைச் சேர்ந்த கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணியின் மேரியன் மோட்லி, பில் வில்லிஸ். பின்னிருவர் தொழில்முறைக் காற்பந்துப் புகழ்மன்றத்தில் உறுப்பினராயினர். நால்வருக்கும் சேர்த்து அம்மன்றம் முன்னோடி விருது வழங்கியது 2022இல்தான்.

நான் கற்றுக்கொண்டது

ராபின்சனும் 28 வயதில்தான் கதவைக் கடந்தார். வாஷிங்டனும் 28 வயதில்தான். ஒருவருக்கு அதன்பின் பத்துப் பருவங்கள் கிடைத்தன, மற்றவருக்கு மூன்று. ஒரே அளவு தாமதம் எல்லாரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை.

இதை எழுதும்போது ஒரு பழைய முகம் நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளி அஞ்சலோட்டக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் எல்லாரையும்விட வேகமாக ஓடினான். காலணி இல்லை, பயிற்சிக்கு ஒழுங்காக வருவானோ என்ற ஐயம் எனக்கு. “அடுத்த ஆண்டு பார்ப்போம், தம்பி” என்றேன். அவனும் தலையசைத்தான். அடுத்த ஆண்டு அவன் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. நான் அவனுக்கு எதையும் மறுக்கவில்லை என்றே அன்று நினைத்தேன், தள்ளித்தானே வைத்தேன்! மறுப்பதும் தள்ளிவைப்பதும் சில பிள்ளைகளுக்கு ஒன்றுதான் என்பதை வாஷிங்டனின் வரலாறு எனக்கு உணர்த்தியது.

மறுநாள் வகுப்பில் அந்த ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கு இக்கதையைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டவன், இறுதியில், “அப்படியானால் இந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா” என்றான். சேர்த்துவிட்டேன். ஆனால் ஒரு வரி விடைக்கு ஒரு மதிப்பெண் என்ற முறையை அந்த ஒரு வினாவுக்கு மட்டும் மாற்றியிருக்கிறேன். பெயரைச் சொன்னால் ஒரு மதிப்பெண். அவர் எத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது என்பதையும் சொன்னால் இன்னும் ஒன்று.